தோள் கொடுக்காத கத்தி

தோள் வலிக்கு எலும்பைச் சீவும் ஆபரேஷன் உலகெங்கும் பிரபலமானது. அதைச் சோதித்த ஆய்வுகளின் தீர்ப்பு வேறு.

முதலில் சட்டை மாட்டும்போது சுருக்கென்று ஒரு வலி. பிறகு ரயிலில் மேல் பெர்த்துக்குப் பெட்டியைத் தூக்கும்போது. சில வாரங்களில் தலை வாருவதே பெரும்பாடு. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் போச்சு. தைலம், ஒத்தடம், மருந்துக் கடை மாத்திரை எல்லாம் முடிந்து டாக்டரிடம் போகிறார் நோயாளி. எக்ஸ்-ரே எடுக்கிறார்கள். எலும்பு முனையில் சிறு முள் போன்ற வளர்ச்சி. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறார்கள். 'தசைநாரில் கிழிசல்' என்கிறது அறிக்கை. அந்த ஒரு சொல் போதும், வயிற்றைக் கலக்க. கிழிந்ததைத் தைக்காமல் எப்படி விடுவது? உரசும் எலும்பைச் சீவாமல் எப்படி வலி தீரும்? ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப்படுகிறது.

ஆபரேஷன் முடிந்து ஆறு மாதத்தில் பெரும்பாலோருக்கு வலி குறைந்துவிடும். டாக்டருக்குத் திருப்தி. நோயாளிக்கும் திருப்தி. கேட்கப்படாமல் போவது ஒரு கேள்விதான்: செய்யாமல் விட்டிருந்தாலும் குறைந்திருக்குமா?

இந்தக் கேள்வியை பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேருக்கு நேர் கேட்டார்கள். கிடைத்த விடை, 45 ஆண்டுக் கால நம்பிக்கை ஒன்றை ஆட்டிவிட்டது.

நம்பிக்கையின் கதை 1972இல் தொடங்குகிறது. மனித உடலில் மிகத் தாராளமாகச் சுழலும் மூட்டு தோள்தான். அந்தச் சுதந்திரத்துக்கு அது கொடுக்கும் விலை, உறுதியின்மை. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, ஆழமில்லாத ஒரு சிறு கிண்ணத்தில் ஒட்டி நிற்கிறது. அது நழுவாமல் இறுக்கிப் பிடிப்பவை நான்கு தசைகளின் நார்கள். சட்டைக் கையின் கஃப் போல உருண்டையைச் சுற்றி வளைத்திருப்பதால் அவற்றுக்கு 'ரொட்டேட்டர் கஃப்' என்று பெயர். இந்த நார்களுக்கு மேலே கூரை போல நீண்டிருக்கிறது தோள்பட்டை எலும்பின் முனை. கையை உயர்த்தும்போது கூரைக்கும் உருண்டைக்கும் நடுவில் நார்கள் நசுங்குகின்றன, உரசித் தேய்கின்றன, கடைசியில் கிழிகின்றன என்றார் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக எலும்பு அறுவை நிபுணர் சார்ல்ஸ் நீர். தீர்வு எளிது: கூரையின் அடிப்பக்கத்தைச் சீவி இடம் பண்ணிக் கொடுத்தால் போதும்.

விளக்கம் கச்சிதமாக இருந்தது. கதவு தரையில் உரசினால் தச்சர் அடியில் இழைப்பது போல. கிழிசல்களில் 95 சதவீதம் இந்த உரசலால்தான் என்று பின்னாளில் எழுதும் அளவுக்கு நீருக்கு அதில் நம்பிக்கை. 1980களில் ஆர்த்ராஸ்கோப் வந்தது. தோளைத் திறக்க வேண்டியதில்லை. சின்னத் துளைகள் வழியே கேமராவையும் கருவியையும் நுழைத்து வேலையை முடித்துவிடலாம். சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆபரேஷன்கள் மளமளவென்று பெருகின. இங்கிலாந்தில் மட்டும் 2000இல் 2,523 பேருக்கு நடந்த இந்த ஆபரேஷன், 2010இல் 21,355 பேருக்கு நடந்தது.

ஒரே குறை, இது உண்மையில் பலன் தருகிறதா என்று சரியான முறையில் யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. புது மாத்திரை என்றால் மருந்தில்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டு நிரூபித்தாக வேண்டும். கத்திக்கு அந்தக் கட்டாயம் இருந்ததில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் முழங்கால் தேய்மானத்துக்கு ஆர்த்ராஸ்கோப் மூலம் செய்யும் ஆபரேஷனை 180 பேரிடம் சோதித்து, போலி ஆபரேஷனைவிட அது மேலானதல்ல என்று 2002இல் காட்டினார்கள். பெரும் பரபரப்பு. ஆனாலும் தோள் பக்கம் சோதனை வந்து சேரத் தாமதமானது.

ஆக்ஸ்ஃபோர்டு குழு 2012இல் ஆட்களைச் சேர்க்கத் தொடங்கியது. 32 மருத்துவமனைகள், 51 சர்ஜன்கள், 313 நோயாளிகள். எல்லோருக்கும் மூன்று மாதத்துக்கு மேல் வலி. பிசியோதெரபியும் ஸ்டீராய்டு ஊசியும் முயன்று பார்த்தவர்கள். நார் முழுமையாகக் கிழிந்தவர்கள் சேர்க்கப்படவில்லை. குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு எலும்பைச் சீவும் உண்மையான ஆபரேஷன். இரண்டாவது குழுவுக்குத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, எதையும் சீவாமல் மூடிவிட்டார்கள். இரண்டில் எது தனக்கு நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. இப்படி நடக்கலாம் என்று முன்பே சொல்லி, சம்மதம் வாங்கிக்கொண்டுதான் செய்தார்கள். மூன்றாவது குழுவுக்குச் சிகிச்சையே இல்லை. மூன்று மாதம் கழித்து ஒரு நிபுணர் பார்த்ததோடு சரி.

ஆறு மாதம் கழித்து எல்லோருக்கும் மதிப்பெண் போட்டார்கள். வலியையும் அன்றாட வேலை செய்யும் திறனையும் வைத்து 48க்குப் போடப்படும் மதிப்பெண் அது. எலும்பைச் சீவியவர்கள் 32.7. சீவாமல் மூடப்பட்டவர்கள் 34.2. ஒன்றுமே செய்யாதவர்கள் 29.4. அதாவது, உண்மையான ஆபரேஷனும் போலியும் ஒன்றுதான். ஆபரேஷன் மேஜைக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் நடுவில் இருந்த மூன்று, நான்கு மதிப்பெண் வித்தியாசம், நோயாளி தன் அன்றாட வாழ்க்கையில் உணரக்கூடிய அளவு இல்லை. 2017 நவம்பரில் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது.

அடுத்த ஆண்டே 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் பின்லாந்திலிருந்து இன்னோர் ஆய்வு. மூன்று அரசு மருத்துவமனைகள், 35 முதல் 65 வயது வரை 210 பேர். இங்கும் உண்மை ஆபரேஷன், போலி ஆபரேஷன், மூன்றாவதாக உடற்பயிற்சி. இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். மூன்று குழுக்களிலும் வலி நன்றாகவே குறைந்திருந்தது. எலும்பைச் சீவியதால் போலியைவிடக் கூடுதல் லாபம் எதுவும் இல்லை. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் அதே கதைதான்.

சர்ஜன்கள் சும்மா இருக்கவில்லை. பிரிட்டன் ஆய்வில் குறை சொல்ல இடம் இருந்தது. உண்மை ஆபரேஷனுக்குக் குறிக்கப்பட்டவர்களில் 23 சதவீதம் பேருக்கும், போலிக்குக் குறிக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேருக்கும் ஆறு மாதத்துக்குள் அது நடக்கவில்லை. அப்படியானால் ஒப்பீடு செல்லுமா? நியாயமான கேள்வி. குறித்த சிகிச்சையைப் பெற்றவர்களை மட்டும் தனியே எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். முடிவு மாறவில்லை. 2019 பிப்ரவரியில் டாக்டர்களும் நோயாளிகளும் அடங்கிய சர்வதேசக் குழு ஒன்று, 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வழியே அழுத்தமாகவே பரிந்துரைத்தது: இந்த வகை வலிக்கு இந்த ஆபரேஷன் வேண்டாம். அதற்கு முன்பே, 2018இல், கண்டபடி செய்யக்கூடாத 17 சிகிச்சைகளைப் பட்டியலிட்ட இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை, இதையும் அதில் சேர்த்துவிட்டது.

அப்படியானால் ஸ்கேனில் தெரிந்த கிழிசல்? அதுதான் இந்த விவகாரத்தின் சுவாரசியமான பகுதி. 1995இல் அமெரிக்காவில், தோளில் எந்த வலியும் இல்லாத 96 பேரைப் பிடித்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அவர்களில் 34 சதவீதம் பேருக்குத் தசைநாரில் கிழிசல் இருந்தது. 60 வயதைத் தாண்டியவர்களில் 54 சதவீதம். பாதிக்கு மேற்பட்ட தாத்தா பாட்டிகள் கிழிந்த நாரோடு, வலியே இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தார்கள். தலை நரைப்பது போல, முகம் சுருங்குவது போல, வயதானால் நாரும் நைந்துபோகிறது. வலி வந்த தோளை ஸ்கேன் எடுத்தால் கிழிசல் தெரியும். வராத தோளை எடுத்தாலும் பல பேருக்குத் தெரியும். படத்தில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இது தெரியாமல் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பயந்துபோய் நிற்பவர்கள்தான் அதிகம்.

கத்தி வேண்டாம் என்றால் வேறு என்ன? உடற்பயிற்சி. அதிலும் ஓர் ஆச்சரியம். பிரிட்டனில் 708 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு பிரிவினருக்கு ஆறு தடவை வரை பிசியோதெரபிஸ்டை நேரில் பார்க்க ஏற்பாடு செய்தது. இன்னொரு பிரிவினருக்கு ஒரே ஒரு தடவை சந்திப்பு. பயிற்சிகளை விளக்கி, வீட்டில் செய்யச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பும் சமம். ஸ்டீராய்டு ஊசி முதல் இரண்டு மாதம் கொஞ்சம் கை கொடுத்தது. பிறகு வித்தியாசம் இல்லை. நன்றாகக் கற்றுக்கொண்டு, விடாமல் வீட்டிலேயே செய்தாலும் பலன் ஒன்றுதான் என்பது, சிகிச்சைக்கு நடையாய் நடக்க முடியாதவர்களுக்கு நல்ல செய்தி. ஒரே சங்கடம், பயிற்சி பலன் காட்ட வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். பத்து நாள் செய்துவிட்டு, 'ஒன்றும் ஆகவில்லை' என்று கைவிடுபவர்கள்தான் கடைசியில் ஆபரேஷன் மேஜையைத் தேடிப் போகிறார்கள்.

இந்தியர்கள் தனியாகக் கவலைப்பட வேண்டிய தோள் நோய் ஒன்று உண்டு. 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்கிற உறைந்த தோள். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. முதலில் கடும் வலி, பிறகு இறுக்கம். கையை நோயாளியும் தூக்க முடியாது. டாக்டர் பிடித்துத் தூக்கினாலும் வராது. எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியாது. 40 முதல் 60 வயதுக்குள், பெண்களை அதிகம் தாக்குகிறது. பொதுவாக நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரும் இந்த நோய், சர்க்கரை நோயாளிகளில் 10 முதல் 20 பேருக்கு வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நாடு முழுக்க நடந்த ஆய்வு, 2023இல் இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. உறையக் காத்திருக்கும் தோள்கள் எத்தனை என்பதை வாசகர்களே கணக்குப் போடலாம். காரணமில்லாமல் தோள் இறுகினால் ரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

உறைந்த தோளுக்கும் ஆபரேஷன் உண்டு. அதையும் சோதித்துவிட்டார்கள். அமர் ரங்கன் தலைமையில் பிரிட்டனின் 35 மருத்துவமனைகளில் 503 பேரை வைத்து நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. மயக்க மருந்து கொடுத்துக் கையை வளைத்து இறுக்கத்தை விடுவிப்பது ஒன்று. துளை வழியே உறையை வெட்டி விடுவது இரண்டு. ஊசியும் பிசியோதெரபியும் மூன்று. ஓராண்டுக்குப் பிறகு மூன்றில் எதுவும் மற்றதைப் பெரிதாக மிஞ்சவில்லை. கடுமையான பின்விளைவுகள் மொத்தம் பத்து. அவற்றில் எட்டு, உறையை வெட்டிய குழுவில். எளிய சிகிச்சையில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் மேலே போவதே விவேகம் என்றாகிறது. சர்க்கரை நோயாளிகள் ஒன்றை மறக்கக்கூடாது: தோளில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில நாட்களுக்கு ரத்தச் சர்க்கரையை எகிறச் செய்யும். ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, தோளில் கத்தியே கூடாது என்று முடிவு கட்டினால் அதுவும் தவறு. கீழே விழுந்தோ விபத்திலோ தசைநார் திடீரென்று அறுந்து, அடுத்த நாளே கை தூக்க முடியாமல் போனால், அது வயதால் நைந்த கிழிசல் அல்ல. தாமதிக்காமல் நிபுணரைப் பார்க்க வேண்டும். மூட்டு நழுவிய இளைஞர்களுக்கு அது மறுபடியும் மறுபடியும் நழுவும் ஆபத்து அதிகம்; அதை ஆபரேஷன் குறைக்கிறது. 2021 மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டியில் ஃபீல்டிங் செய்யும்போது தோள் நழுவிய ஷ்ரேயாஸ் ஐயர், அடுத்த மாதம் ஆபரேஷன் செய்துகொண்டு சில மாதங்களில் களத்துக்குத் திரும்பினார். நார் கிழிசலைத் தைப்பதிலும் தீர்ப்பு ஒருதலையானதல்ல. விபத்தில்லாமல் வந்த கிழிசலை 55 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சோதித்த பின்லாந்து ஆய்வு, தைத்தாலும் பயிற்சி செய்தாலும் ஓராண்டில் ஒன்றுதான் என்று 2014இல் சொன்னது. 103 பேரைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்த நார்வே ஆய்வோ, தைத்தவர்களின் தோள் ஓரளவு மேலாக இருப்பதாக 2019இல் சொன்னது. பயிற்சிக் குழுவிலிருந்து 14 பேர் பிறகு ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதும் உண்மை. அதே சமயம், மேற்கை எலும்பு தோளருகே முறிந்து விலகியவர்கள் 250 பேரை ஆராய்ந்து 2015இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஆபரேஷன் செய்தவர்களும் தூளி கட்டிக் கையைத் தொங்கவிட்டவர்களும் இரண்டு ஆண்டுகளில் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். எந்தத் தோள், எந்த வயது, என்ன காயம் என்பதைப் பொறுத்தது விடை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் அது தோள் சமாச்சாரமே இல்லை. இதயமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

புதுமை என்பதாலேயே மயங்கிவிடக்கூடாது என்பதற்கும் தோளே சாட்சி. தைக்க முடியாத பெரிய கிழிசலுக்கு, எலும்புக்கும் கூரைக்கும் நடுவில் சிறு பலூனை வைக்கும் முறை வந்தது. அமெரிக்க அரசு 2021இல் அனுமதி கொடுத்தது. அடுத்த ஆண்டே 117 பேரிடம் நடந்த பிரிட்டன் ஆய்வின் முடிவு வந்தது: பலூன் வைத்தவர்களைவிட வைக்காதவர்களே மேலாக இருந்தார்கள். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

இவ்வளவையும் பார்த்து மகிழ்ந்திருக்க வேண்டியவர், பாஸ்டன் நகர சர்ஜன் எர்னஸ்ட் காட்மன். 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்ற பெயர் அவர் 1934இல் எழுதிய தோள் பற்றிய நூலில் வந்ததுதான். முன்னால் குனிந்து, கையைத் தொங்கவிட்டு, ஊஞ்சல் போல ஆட்டச் சொல்கிறார்களே பிசியோதெரபிஸ்டுகள், அந்தப் பயிற்சியும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. ஆனால் அவருடைய வாழ்க்கையை உலுக்கியது வேறு ஒன்று. சிகிச்சை பெற்ற ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை போட வேண்டும், ஓராண்டு கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்து எழுத வேண்டும், தேறவில்லை என்றால் ஏன் என்றும் எழுத வேண்டும், அதை வெளியிட வேண்டும் என்றார் காட்மன். மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஏற்கவில்லை. அங்கிருந்து ராஜினாமா செய்தார். தானே சிறிய மருத்துவமனை ஒன்றும் நடத்தினார். 1911 முதல் 1916 வரை 337 நோயாளிகள், 123 தவறுகள். தன் தவறுகளைத் தானே எண்ணி அச்சிட்டார். சக டாக்டர்களைக் கேலி செய்து 1915இல் ஒரு கூட்டத்தில் கார்ட்டூன் காட்டினார். பகைதான் மிஞ்சியது. 1940இல் காலமான அவருடைய கல்லறையில் பெயர்ப் பலகைகூட இல்லை. 2014இல்தான் அமெரிக்க சர்ஜன்கள் கல் நாட்டினார்கள்.

காட்மனின் அட்டை கேட்ட கேள்வியைத்தான் பிரிட்டனும் பின்லாந்தும் நூறாண்டு கழித்துப் பெரிய அளவில் கேட்டன. அதே கேள்வியை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கும் நோயாளியும் கேட்கலாம். என்னைப் போன்ற எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? ஓராண்டு கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள்? மூன்று மாதம் பயிற்சி செய்து பார்த்தால் என்ன நஷ்டம்? நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், வேறொரு டாக்டரிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். எலும்பைச் சீவ அவசரம் எதுவும் இல்லை. சீவியதை மறுபடி ஒட்டவைக்கத்தான் முடியாது.